தோல் கறுக்கும் வரை

அந்த வீட்டில் நான் செய்த முதல் உதவியே நான்கு வாழைப்பழங்களைக் குப்பையில் போட்டதுதான்.

கோஸ்டா ரிக்காவில் துரியால்பா என்றொரு ஊர். அங்கே ஒரு வீட்டின் பின்கட்டு அறைக்குக் குடிபோய் ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். சமையலறையைச் சுத்தம் செய்து நல்ல பெயர் வாங்கலாம் என்று இறங்கினேன். ஃப்ரிட்ஜின் தலைமேல் நான்கு பெரிய பழங்கள் கிடந்தன. தோல் கன்னங்கரேல் என்று கறுத்துச் சுருங்கியிருந்தது. ஒன்றின் காம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பொடி ஈக்கள் வேறு. பாவம், மறந்துவிட்டார் போலும் என்று பையில் கட்டி, வாசலில் குப்பைக்காக வைத்திருக்கும் இரும்புக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

மாலையில் வந்தவர் ஃப்ரிட்ஜின் தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "பழம் எங்கே?" குப்பை வண்டி மதியமே வந்து போயிருந்தது. கெட்டுப்போவதற்கான ஸ்பானியச் சொல் எனக்கு அப்போது தெரியாது. அதனால், "அவை இறந்துவிட்டன" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒன்பது நாள். பச்சையாக வாங்கி, ஒன்பது நாள் காத்து, அன்றிரவு பொரிப்பதாக இருந்திருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பாடு சோறும், ராஜ்மா போன்ற பீன்ஸ் பயறும். தட்டில் ஒரு மூலை காலியாகவே இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படிப் பரிமாறினார் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்தக் காலி மூலைக்கு உரிய பண்டத்தின் பெயர் 'பிளாத்தானோ மதுரோ'. பேச்சில் மதுரோ என்றாலே போதும். நன்றாகப் பழுத்த வாழையைச் சீவி எண்ணெயில் பொரித்தது, அவ்வளவுதான். சோற்றோடும் பீன்ஸோடும் கறியோடும் அது தட்டில் உட்காரும். மதுரோ என்று காதில் விழுந்ததும் நம்மவர்க்கு மதுரம் நினைவுக்கு வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. இரண்டு வாரம் அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சுமந்து திரிந்தேன். இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதுரோ லத்தீன் வழி வந்த சொல். முதிர்ந்தது, பழுத்தது என்று பொருள். இனிப்பு என்ற பொருளே அதில் கிடையாது. சமைத்துப் பழகிய பிறகு, அதுதான் சரியான பெயர் என்று தோன்றியது. இனிப்பை யாரும் அதில் சேர்ப்பதில்லை. முதிரவிட்டால் அது தானாக வந்து சேர்கிறது.

வாழைப்பழம் என்று எழுதிவிட்டேனே தவிர, அங்கே உரித்துத் தின்னும் பழத்துக்கு 'பனானோ' என்று தனிப்பெயர் உண்டு. பிளாத்தானோ வேறு. கோணல் கோணலாக, விளிம்பு கட்டி, நன்றாக நீண்டிருக்கும், தோல் தடித்திருக்கும். நாட்டில் பரவலாகப் பயிராகும் வகைக்குக் 'குர்ராரே' என்று பெயர். தாரில் காய் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் சாப்பாட்டுக்குக் காணும்.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான் நாகர்கோவில்காரன். நாங்கள் ஏத்தன் என்றும் மற்றவர்கள் நேந்திரன் என்றும் சொல்லும் பழத்தைத் தின்று வளர்ந்தவன். தாவரவியல் கணக்கில் ஏத்தனும் பிளாத்தானோவும் ஒரே குழு. இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பை ஏ, பி என்ற எழுத்துகளால் குறிப்பார்கள்; அதில் இரண்டும் ஏஏபி, பங்காளிகள். பஜ்ஜிக்கு வாங்கும் மொந்தன்கூட அவ்வளவு நெருக்கம் இல்லை, அது ஏபிபி. பங்காளி வீட்டுப் பழத்தையே அடையாளம் தெரியாமல் குப்பையில் போட்டிருக்கிறேன். காரணம் நிறம்தான். எங்கள் வீட்டில் ஏத்தன் பழம் மஞ்சளில் அவியும், புள்ளி விழுந்தால் மாவில் தோய்ந்து பழம்பொரியாகும். அதற்கு மேல் கறுத்தால் மாட்டுக்கு. அந்தக் கறுப்புக்கு அப்பாலும் ஒரு வாசல் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

வாழை அந்த மண்ணின் பிள்ளை இல்லை. தென்கிழக்காசியாவும் நியூ கினியும் அதன் பிறந்தகம். 1516-இல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற தொமினிக்கன் சபைத் துறவி, கேனரித் தீவுகளிலிருந்து வாழைக் கன்றுகளைக் கரீபியன் கடலில் உள்ள சாந்தோ தொமிங்கோவுக்குக் கொண்டுவந்ததாக, அந்தக் காலத்து ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஓவியேதோ எழுதியிருக்கிறார். அதே பெர்லாங்கா பின்னாளில் பனாமாவின் பிஷப் ஆனார். 1535-இல் பெருவுக்குக் கப்பலேறியவரைக் காற்று கைவிட்டு, நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் காலாபகோஸ் தீவுகளில் ஒதுக்கியது. ஆமைத் தீவுகளைக் கண்டவர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கன்றுகள்தான் பெரிய காரியம். வாழையின் இன்னொரு பெயரான 'கினேயோ' அங்கே பல நாடுகளில் புழங்குகிறது. ஆப்பிரிக்காவின் கினியாக் கரையை அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உரித்துத் தின்னும் பனானோவின் கதை வேறு. சான் ஹோசேயிலிருந்து லிமோன் துறைமுகத்துக்கு மைனர் கீத் என்ற அமெரிக்கர் போட்ட ரயில் பாதை 1890-இல் முடிந்தது. பாதையோரம் அவர் நட்ட வாழைதான் வளர்ந்து 1899-இல் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஆனது. துரியால்பா வழியாகத்தான் அந்தப் பாதை போனது. இப்போது ரயில் இல்லை. அந்தப் பழம் பச்சையாகவே கப்பலேறி வேறு ஊரில் மஞ்சளாவதற்கென்று வளர்ந்தது. பிளாத்தானோ பெரும்பாலும் வீட்டோடு தங்கிவிட்டது. காப்பிச் செடிக்கு நிழலாக, வேலிக்குப் பின்னால், ஆற்றங்கரைத் துண்டு நிலத்தில். கம்பெனிகளைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் ஃப்ரிட்ஜின் தலைக்குத் திரும்புகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாள் என்னை விவசாயிகள் சந்தைக்கு அழைத்துப் போனார். அங்கே அதற்கு 'ஃபேரியா' என்று பெயர். பழக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் எப்போதைக்கு வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கா, புதன்கிழமைக்கா, அடுத்த வாரத்துக்கா? பச்சைக்கு 'வெர்தே', நாம் செங்காய் என்போமே அதற்குப் 'பின்தோன்', அதற்கடுத்து மதுரோ. அம்மாள் மூன்று வயதிலும் இரண்டிரண்டு வாங்கினார். பச்சை அன்றே தட்டி நசுக்கி இருமுறை பொரிக்கும் 'பதகோன்' ஆகும். செங்காய் சூப்பில் விழும். பழம் ஃப்ரிட்ஜின் தலையேறும். ஃப்ரிட்ஜின் உள்ளே கூடாது. பச்சையைக் குளிரில் வைத்தால் தோல் மட்டும் கறுத்து உள்ளே மரக்கட்டையாக நின்றுவிடும். கறுத்து முடிந்த பிறகு உள்ளே வைத்து இரண்டு மூன்று நாள் தள்ளலாம்.

நான் அவசரக்காரன். மூன்றாம் நாளே, நல்ல மஞ்சளாக இருந்த ஒன்றை அவர் இல்லாத நேரத்தில் சீவிப் பொரித்தேன். வாயில் வைத்தால் மரவள்ளிக்கிழங்குக்குச் சர்க்கரை காட்டியதுபோல் இருந்தது. பனானோ மஞ்சளானதும் இனித்துவிடும். பிளாத்தானோவில் மாவுச்சத்து அத்தனை சுலபத்தில் சர்க்கரையாகிவிடாது. மஞ்சளிலும் பாதி காய்தான். போதாத இனிப்பை நான் சீனி தூவிச் சரிக்கட்டினேன். அடுத்த முறை இன்னும் ஒரு படி மேலே போனேன். ஊர்ப் பாசத்தில் மைதா கரைத்து, மஞ்சள்பொடி போட்டு, ஏலக்காய் தட்டி, பழம்பொரியே செய்து அவர் முன் வைத்தேன். ஒரு துண்டு தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். மாவை நகத்தால் லேசாகப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் குளிர் அதிகமா? ஏன் இதற்கு ஸ்வெட்டர் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

இங்கே ஒரு குறிப்பு. அவர் கோஸ்டா ரிக்காக்காரர் இல்லை. நிக்கராகுவாவின் ரிவாஸ் பக்கம் பிறந்து, பிழைப்புக்கு எல்லை தாண்டி வந்தவர். கோஸ்டா ரிக்காவில் பெரும்பாலும் எல்லோரையும் 'நீங்கள்' என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் நாயையே 'இங்கே வாருங்கள்' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாள் மட்டும் நிக்கராகுவா வழக்கப்படி முதல் நாளே என்னை 'நீ' என்று சொல்லிவிட்டார். அந்த 'நீ' இல்லாவிட்டால் எனக்குச் சமையல் வந்திருக்காது.

பழம் எப்போது தயார்? நிறத்தைப் பார்க்காதே, தொட்டுப் பார் என்றார். தோல் காகிதமாக மெலிந்திருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் காது மடல்போல் அமுங்கித் திரும்பி வர வேண்டும். அமுங்கியது அமுங்கியபடியே நின்றால் அதைப் பொரிக்காதே, பிசைந்து வேறு எதற்காவது வைத்துக்கொள். காம்பில் வெள்ளைப் பூஞ்சணம் தோலோடு நின்றால் பயமில்லை, உள்ளே இறங்கியிருந்தால் தூக்கிப் போடு. புளித்த கள்ளின் வாடை அடித்தாலும் அப்படியே.

இரு நுனியையும் வெட்டி, விளிம்பு ஒன்றில் கத்தி முனையால் மெல்லக் கீறுவார். தோலை உரிக்கமாட்டார், சட்டையைக் கழற்றுவதுபோல் விரித்து எடுப்பார். உள்ளே பழம் சந்தன நிறத்தைத் தாண்டி ரோஜா கலந்த மஞ்சளில் இருக்கும். நடுவில் கறுப்புக் கோடு ஓடும். சாய்வாக, விரல் தடிமனுக்கும் சற்றுக் குறைவாக, சுமார் 1 செ.மீ. கனத்தில் வெட்டினால் துண்டுகள் நீள்வட்டமாக விழும். மெல்லியதாக வெட்டினால் எண்ணெயில் கருகிச் சருகாகும். கனத்தால் நடு வேகுமுன் வெளியே கறுக்கும்.

எண்ணெய் அரை அங்குலம்கூட வேண்டியதில்லை. வடை சுடும் சூடு இதற்கு ஆகாது என்பதுதான் நம்மவர்க்குப் பிடிபடாத இடம். கறுத்த பழத்தில் சர்க்கரை அதிகம். காய்ந்த எண்ணெயில் போட்டால் ஒரு நிமிடத்தில் கரி. மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் வைத்தால் பொடிப்பொடியாகக் குமிழி வர வேண்டும், சீறக் கூடாது. துண்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கிவிட்டு அவர் அடுப்பைக் குறைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு அந்த நிற்பதுதான் வரவில்லை. கரண்டியை வைத்துக்கொண்டு கிளறப் போனால் கையைத் தட்டிவிடுவார். மசிந்த பழம், கிண்டினால் களி.

காதைக் கொடுத்தால் விவரம் தெரியும். முதலில் மழைத் தூறல் தகரக் கூரையில் விழும் ஓசை. இரண்டு நிமிடத்தில் ஓசை அடங்கும், ஈரம் போய்விட்டது. அப்போது துண்டின் விளிம்பில் பழுப்புக் கோடு ஏறும், சர்க்கரை உருகிக் கண்ணாடிபோல் மினுங்கும். ஒரே ஒருமுறை திருப்ப வேண்டும். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிடச் சீக்கிரம் சிவக்கும், அதில் ஏமாறாமல் இருக்கப் பழக வேண்டும். எடுத்துக் காகிதத்தில் போட்டு, அடுத்த ஈட்டுக்கு முன் எண்ணெயில் கிடக்கும் கறுப்புத் துணுக்குகளை அரித்துவிட வேண்டும்; விட்டால் எல்லாம் கசக்கும். சுடச்சுட வாயில் போடக் கூடாது. மேலே உள்ள சர்க்கரை நாக்கைப் பொத்துவிடும், நான் அனுபவித்திருக்கிறேன். ஐந்து நிமிடம் ஆறியதும் விளிம்பு லேசாக முறுகி, நடு அல்வாவாக இருக்கும். உப்பில்லை, சீனியில்லை, ஏலக்காய் இல்லை. அந்தக் கடைசி இல்லையை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தனியாகத் தின்றால் இதன் அருமை பாதிதான் தெரியும். கோஸ்டா ரிக்காவில் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு 'சோடா' என்று பெயர். முதல் வாரம் போர்டைப் பார்த்துக் கலர் குடிக்கப் போய்ச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே மதியத் தட்டு 'கசாதோ'. கல்யாணமானவன் என்று பொருள். சோறும் பீன்ஸும் தட்டில் தம்பதியாக இருப்பதால் என்பார்கள். கறுப்பு பீன்ஸ், வெள்ளைச் சோறு, முட்டைகோஸ் துருவல், ஒரு துண்டு கோழி அல்லது மீன், ஓரத்தில் இரண்டு மதுரோ. பீன்ஸின் உப்பும் மண்வாசனையும் நாக்கில் இருக்கும்போது மதுரோவை ஒரு கடி கடித்தால், இனிப்பு பின்வாங்கிப் பழத்தின் லேசான புளிப்பு முன்னே வரும். அடுத்த கவளம் பீன்ஸ் முன்னைவிட உறைப்பாகத் தெரியும். சோற்றுத் தட்டில் இனிப்பு என்றால் நமக்கு இலையின் ஓரத்தில் கொஞ்சம் வைத்து முதலில் தொட்டுக்கொள்வது, அல்லது கடைசியில் பாயசம். நடுவே மாற்றி மாற்றித் தின்பது எனக்குப் புதிது. முதல் மாதம் நான் மதுரோவைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்துத் தின்றேன். சோடா நடத்திய அம்மாள் பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட்டார்.

நான் படித்தது காத்தியே என்ற வெப்பமண்டல வேளாண் ஆய்வு, உயர்கல்வி மையத்தில். மத்திய அமெரிக்கா முழுவதும் அங்கே மாணவர்களாக வந்து கிடந்தது. ஒரு சனிக்கிழமை விடுதிச் சமையலறையில், இதை எப்படிச் செய்வது என்று பேச்சு வந்தது. போர் மூண்டது என்றே சொல்ல வேண்டும்.

சாய்வாக வெட்டுவதா, நீளவாக்கில் வெட்டுவதா? சால்வதோர்க்காரனுக்கு நீளவாக்குதான். இரவுக்கு இதைத் தின்பவர்களை அவன் மனிதராகவே மதிக்கவில்லை. காலையில், வதக்கி மசித்த சிவப்பு பீன்ஸோடு, 'கிரேமா' என்ற புளித்த பாலேடு ஒரு கரண்டியோடு தின்ன வேண்டிய பண்டமாம். குவாத்தமாலாப் பெண் கிரேமாவின் மேல் சீனியும் தூவினாள். நான் தூவியபோது சிரித்த உலகம் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஹொண்டுராஸ்காரி வந்து "மந்தேகியா எங்கே?" என்றாள். ஸ்பானிய மொழியில் அது வெண்ணெய். எடுத்துக் கொடுத்தேன். அவள் ஊரில் மந்தேகியா என்றால் இந்தக் கிரேமாதானாம். பத்து நிமிடம் வெண்ணெயை வைத்துக்கொண்டு இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும்விட மோசம் 'தஹாதா' என்ற சொல். சீவல் என்று பொருள். பனாமாவில் தஹாதா கேட்டால் பழுத்ததைப் பொரித்துத் தருவார்கள். ஹொண்டுராஸிலும் நிக்கராகுவாவிலும் அதே சொல்லுக்குப் பச்சைக் காயின் மொறுமொறு சீவல் வரும். இனிப்பை எதிர்பார்த்தவனுக்கு உப்பு, உப்பை எதிர்பார்த்தவனுக்கு இனிப்பு. பனாமாக்காரன் இந்தச் சண்டையில் சேராமல், பழத்தை நீளத் துண்டுகளாக்கிப் பட்டை, கிராம்பு, கரும்பு வெல்லம் போட்டுப் பாகில் மெல்ல வேகவைத்து ஒரு மூலையில் இறக்கினான். அதன் பெயர் 'பிளாத்தானோ என் தெந்தாசியோன்', சபலத்தில் விழுந்த வாழை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டை வாசனையில் எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. இருந்தாலும் என் ஓட்டை எதுவும் சேர்க்காத மதுரோவுக்கே போட்டேன். அங்கே வந்து ஓராண்டில் நான் வீட்டுக்கார அம்மாளின் ஆள் ஆகிவிட்டிருந்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். பென்யாஸ் பிளாங்காஸ் எல்லையில் வெயிலில் வரிசை நின்று, பஸ் மாறி, ரிவாஸ் நெருங்கும்போது சாலையோரம் வாழைத் தோப்பு தொடங்கியது. அது நிக்கராகுவாவின் வாழை பூமி. தோப்புக்கு அவர்கள் சொல் 'சாகுய்த்தே'. ஏரிப் பக்கம் திரும்பினால் ஒமெத்தேப்பே தீவின் எரிமலை தண்ணீரிலிருந்து முளைத்ததுபோல் நிற்கிறது. மாலையில் 'ஃபிரித்தாங்கா' கடைக்குப் போனோம். நடைபாதையில் கரியடுப்பு, மேலே கம்பி வலையில் கறி, பக்கத்துச் சட்டியில் எண்ணெய். வாழையிலை கிழித்து அதன்மேல் சிவப்பு பீன்ஸ் கலந்த சோறு, முட்டைகோஸ், சுட்ட கறி, பொரித்த பாலாடைக்கட்டி, மதுரோ. பாலாடைக்கட்டி நல்ல உப்பு. அதில் ஒரு துண்டும் மதுரோவில் ஒரு துண்டும் சேர்த்து அவர் என் இலையில் வைத்தார். இலையில் சாப்பிடுகிறேனே என்று வியந்து படமெடுக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், நான் இலையை மடித்த விதத்தைப் பார்த்துக் கேமராவை இறக்கிக்கொண்டார்.

அங்கே மதுரோவின் துண்டுகள் துரியால்பாவில் அவர் செய்ததைவிட இருண்டிருந்தன, கிட்டத்தட்ட கருப்பட்டி நிறம். ஏன் என்று கேட்டேன். "இங்கே எனக்கு யாரும் பழத்தைக் குப்பையில் போடமாட்டார்கள்" என்றார்.

நாகர்கோவில் திரும்பி இப்போது பல வருடம். போன மாதம் சந்தையில் நாலு ஏத்தன் பழம் வாங்கிவந்து ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்தேன். இரண்டாம் நாள் அம்மா, "அவிக்கவா?" என்றார். வேண்டாம் என்றேன். ஐந்தாம் நாள், "எறும்பு வருகிறது." ஏழாம் நாள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு தாளில் 'தொடக் கூடாது' என்று எழுதிப் பழத்தின்மேல் வைத்தேன். எட்டாம் நாள் அந்தத் தாளின் மேலேயே ஈ உட்கார்ந்திருந்ததால் அம்மாவின் பொறுமைக்கு அஞ்சி அன்றே பொரித்துவிட்டேன். தேங்காய் எண்ணெயில்தான், அதில் மட்டும் என்னால் நாட்டை விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஏத்தனுக்குப் பிளாத்தானோவைவிடப் பழமணம் கூடுதல், சதை கொஞ்சம் இறுக்கம். பெரும்பயறுத் தோரனும் சோறும் வைத்து, ஓரத்தில் நான்கு துண்டு. அம்மா முதலில் ஒதுக்கிவைத்தார். பிறகு பயறோடு ஒன்று தின்றார். பிறகு என் தட்டைப் பார்த்தார்.

தட்டைப் படமெடுத்து ரிவாஸுக்கு அனுப்பினேன். அந்த அம்மாள் இப்போது ஊரோடு போய்விட்டார். மறுநாள் காலை குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் சேவல் கூவுகிறது, எதுவோ எண்ணெயில் தூறுகிறது. நலம் விசாரித்தார், அம்மாவைக் கேட்டதாகச் சொன்னார். முடிக்கும்போது, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "இன்னும் இரண்டு நாள் விட்டிருக்கலாம்" என்றார்.